உபதேசம் போதும், வைத்தியம் வேண்டும்!

“தைரியமாக இரு. மனசைத் தளரவிடாதே. மனசில் தெம்பு இருந்தால் எந்த நோயும் ஓடிப்போகும்.”

புற்றுநோய் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து நம் தொழிலாளியின் காதில் ஓயாமல் விழுகிற வார்த்தைகள் இவை. மில் கேட்டில் நின்று மேனேஜர் சொல்கிறார். களத்துமேட்டில் நிலச்சொந்தக்காரர் சொல்கிறார். டெலிவிஷனில் உட்கார்ந்து பிரசங்கி சொல்கிறார். கைப்போனில் பூப்படம் போட்டுத் தினம் காலையில் யாரோ அனுப்பி வைக்கிறார்கள்.

உற்றாரும் நண்பர்களும் அன்போடு சொல்லும் ஆறுதலை நாம் குறை கூறவில்லை. கட்டிலோரம் வந்து கையைப் பிடித்து நாலு வார்த்தை பேசுகிறவன் மனிதன். அந்தக் கை நோயாளிக்கு வேண்டும். ஆனால் சம்பளத்தை நிறுத்திவிட்டுத் தைரியம் சொல்கிற முதலாளியை நாம் கேள்வி கேட்கிறோம். மனநல வைத்தியத்துக்கு ஒரு அறையும் ஒரு நர்சும் ஒதுக்காமல் தைரியம் சொல்கிற நிர்வாகத்தைக் கேள்வி கேட்கிறோம். கரையில் நின்றுகொண்டு, வெள்ளத்தில் போகிறவனைப் பார்த்து “நன்றாக நீந்து” என்று சொன்னால் போதுமா? கயிறு எங்கே?

நாம் சொல்வது இதுதான்: புற்றுநோய் வைத்தியத்தின்போது வருகிற மனத்துயரம் கோழைத்தனம் அல்ல, தலைவிதியும் அல்ல. அதில் ஒரு பங்கு நோய். அதற்கு வைத்தியம் உண்டு. இன்னொரு பங்கு கூலி இழப்பும் கடனும் அவமானமும். அதற்குப் பரிகாரம் உண்டு. இரண்டையும் கேட்டு வாங்க நமக்கு உரிமை உண்டு.

இவர்கள் கோழைகளா?

எந்த ஆலைப் பகுதிக்கும் போய்ப் பாருங்கள். இருபது வருஷம் ஸ்பின்னிங்கில் நின்றவர். போராட்டம் என்றால் முன்வரிசையில் நின்றவர். போலீஸ் லத்தியைக் கண்டு ஒரு அடி பின்வாங்காதவர். அவருக்குத் தொண்டையில் புற்று. இரண்டாவது ஊசி ஏற்றி வீடு வந்தபின், சுவரைப் பார்த்தபடி படுத்திருக்கிறார். தோழர்கள் பார்க்கப் போனால் முகம் திருப்பவில்லை. பேரப்பிள்ளை மடியில் ஏறினாலும் சிரிப்பில்லை. இரவு முழுவதும் தூக்கமில்லை. இவர் கோழையா?

எந்தக் கிராமத்துக்கும் போய்ப் பாருங்கள். நடவில் கை வேகத்துக்குப் பெயர் பெற்ற அம்மா. கர்ப்பப்பை வாயில் புற்று. தன்னிடம் வாடை அடிக்கிறது என்று எண்ணித் தானே ஒதுங்கித் திண்ணைக் கோடியில் உட்கார்ந்திருக்கிறாள். “என்னால் எல்லோருக்கும் செலவு, நான் போய்விட்டால் பிள்ளைகளாவது பிழைக்கும்” என்கிறாள். நாற்று முடியைத் தூக்கிச் சுமந்து நாலு பிள்ளைகளை ஆளாக்கியவள் தைரியம் கெட்டவளா?

இவர்கள் இருவரும் தனி ஆட்கள் அல்ல. 14 நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் 10,000-க்கு மேற்பட்ட புற்றுநோயாளிகளை நேரில் பேட்டி கண்டு நடந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து, ‘லான்செட் ஆங்காலஜி’ என்ற வைத்தியப் பத்திரிகை 2011-ல் வெளியிட்டது. மனச்சோர்வு, மனக்கலக்கம், நிலைமைக்கு ஈடுகொடுக்க முடியாத தவிப்பு – இவற்றில் ஏதோ ஒன்றாவது 100 பேரில் 30 முதல் 40 பேருக்கு இருந்தது. நம் நாட்டில் 2022-ல் புதிதாகப் புற்றுநோய் கண்டவர்கள் 14 லட்சத்துக்கு மேல் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். எத்தனை லட்சம் பேர் வாய் திறவாமல் இந்தச் சுமையைச் சுமக்கிறார்கள் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

உடம்பும் மருந்தும் செய்யும் வேலை

மனசு என்பது உடம்புக்கு வெளியே தொங்கும் பொருள் அல்ல. இதை உபதேசிகள் மறந்துவிடுகிறார்கள்.

வாந்தியை நிறுத்தவும் வீக்கத்தைக் குறைக்கவும் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகளைக் கொடுக்கிறார்கள். அவசியமான மருந்துகள்தான். ஆனால் அவை சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், எரிச்சலை மூட்டும், இன்று துள்ளவைத்து நாளை துவளவைக்கும். கழுத்தில் கதிர்வீச்சு வைத்தவர்களில் பலருக்குச் சில மாதங்கள் கழித்துத் தைராய்டு சுரப்பி மந்தமாகிவிடும். அப்போது சோம்பலும் சோர்வும் துக்கமும் வரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து, தினம் ஒரு மாத்திரையில் சரிசெய்யக்கூடிய விஷயம்! அதற்கும் “மனசைத் திடப்படுத்து” என்பதுதான் பதிலா?

வலியை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லைக் கடித்து இரவெல்லாம் வலி தாங்குகிறவனுக்கு உயிர் மேல் வெறுப்பு வருவதில் என்ன அதிசயம்? புற்றுநோய் வலியைப் படிப்படியாக எப்படி அடக்குவது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 1986-லேயே வழி வகுத்துக் கொடுத்தது. கடும் வலிக்கு அந்த வழியில் முக்கிய மருந்து மார்பின். நம் நாட்டிலோ 1985-ல் வந்த போதைப் பொருள் சட்டத்தின் கெடுபிடியால், வலியில் துடிக்கிறவனுக்கும் அது எட்டாக்கனி ஆயிற்று. 2014-ல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். வலியைத் தணிக்காமல் தைரியம் கேட்பது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது.

மில் தொழிலாளிக்கு இன்னொன்றும் சொல்வோம். சிஸ்பிளாட்டின், பாக்லிடாக்சல் போன்ற புற்றுநோய் மருந்துகள் விரல் நுனி நரம்புகளை மரத்துப்போகச் செய்யக்கூடும். ஓடுகிற மெஷினில் அறுந்த இழையைக் கண் மூடித் திறப்பதற்குள் பிணைத்த விரல், இப்போது சட்டைப் பித்தானைப் போடத் தடுமாறுகிறது. “இனி வேலைக்கு லாயக்கில்லை” என்ற பயம் நெஞ்சைக் கவ்வுகிறது. இது மனப்பிராந்தியா? இல்லை! உண்மையான கஷ்டம், உண்மையான பயம்.

தைரியம் கட்டியைக் கரைக்குமா?

“மனத்தெம்பு உள்ளவன் பிழைப்பான், இல்லாதவன் சாவான்” என்று ஒரு சித்தாந்தமே நடமாடுகிறது. அதை வைத்துப் புத்தகம் விற்கிறார்கள், முகாம் நடத்துகிறார்கள், காசு பறிக்கிறார்கள். விஞ்ஞானம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் தலை, கழுத்துப் பகுதிகளில் புற்று வந்து வைத்தியம் செய்துகொண்ட 1,093 பேரை ஆராய்ந்தார்கள். வைத்தியம் தொடங்கும்போது ஒவ்வொருவருடைய மனநிலையும் எப்படி இருந்தது என்று குறித்துவைத்தார்கள். பின்னர் யார் எவ்வளவு காலம் பிழைத்தார்கள் என்று பார்த்தார்கள். 2007-ல் முடிவு வெளியாயிற்று: உற்சாகமாக இருந்தவர்கள் அதனால் நீண்டநாள் பிழைக்கவும் இல்லை, சோர்ந்திருந்தவர்கள் அதனால் சீக்கிரம் சாகவும் இல்லை.

இந்த முடிவு நமக்குக் கெட்ட செய்தி அல்ல; பெரிய விடுதலை! அழுகிற நோயாளியே, உன் கண்ணீர் உன் கட்டியை வளர்க்கவில்லை. நீ பயந்ததால் நோய் திரும்பி வரவில்லை. புற்றுநோயோடு சேர்த்துக் குற்றவுணர்வையும் நீ சுமக்க வேண்டியதில்லை.

மனத்தெம்புச் சித்தாந்தம் யாருக்கு லாபம்? நோயாளி பிழைத்தால் உபதேசிக்குப் பெருமை. செத்தால் “அவனுக்குத் தைரியம் போதவில்லை” என்று பழி செத்தவன் தலையில். நோய் முற்றியபின் கண்டுபிடித்ததைப் பற்றிக் கேள்வி இல்லை. பஸ் காசில்லாமல் வைத்தியம் பாதியில் நின்றதைப் பற்றிக் கேள்வி இல்லை. எவ்வளவு வசதியான சித்தாந்தம், பார்த்தீர்களா!

அப்படியானால் மனசைக் கவனிக்க வேண்டாமா? கட்டாயம் வேண்டும். மனச்சோர்வு பிடித்தவர் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, மாத்திரையை விட்டுவிடுகிறார், வைத்தியத்துக்குப் போவதையே நிறுத்திவிடுகிறார். இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒருவர் உயிரோடிருக்கும் நாட்களை நிம்மதியாக வாழ வேண்டும் என்பதே போதுமான காரணம் இல்லையா?

மனச்சோர்வுக்கு வைத்தியம் உண்டு

ஸ்காட்லாந்தில் சர்க்கார் புற்றுநோய் மையங்களில் ஒரு பரிசோதனை நடந்தது. கடும் மனச்சோர்வு கண்ட 500 புற்றுநோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு பிரிவுக்குப் பயிற்சி பெற்ற நர்சுகளின் விசேஷக் கவனிப்பு. அந்த நர்சு நோயாளியோடு உட்கார்ந்து பேசினாள். எந்தக் கஷ்டத்தை முதலில் சமாளிப்பது என்று சேர்ந்து திட்டம் போட்டாள். விட்டுப்போன வேலைகளைச் சிறிது சிறிதாக மீண்டும் செய்யத் தூண்டினாள். மேலே மனநல டாக்டர் மேற்பார்வை. தேவையானவர்களுக்கு மாத்திரை.

24 வாரங்கள் கழித்துப் பார்த்தார்கள். விசேஷக் கவனிப்புப் பெற்ற 100 பேரில் 62 பேருக்கு மனச்சோர்வு பாதிக்குப் பாதியோ அதற்கு மேலோ குறைந்திருந்தது. வழக்கமான கவனிப்பில் 100-க்கு 17 பேர்தான்! 2014-ல் ‘லான்செட்’ பத்திரிகையில் வெளியான முடிவு இது. இங்கே பலனைத் தந்தது உபதேசம் அல்ல. ஒழுங்காக நடத்திய வைத்தியம்.

இதே வருஷம் வந்த இன்னொரு ஸ்காட்லாந்து ஆராய்ச்சி, 21,000-க்கு மேற்பட்ட புற்றுநோயாளிகளைப் பார்த்தது. ஏழ்மை மிகுந்த பகுதிகளில் வாழ்கிறவர்களுக்கு மனச்சோர்வு அதிகம். மனச்சோர்வு கண்டவர்களில் 100-க்கு 73 பேர் அதற்கு உரிய வைத்தியம் பெறவில்லை. வைத்தியம் இலவசமாக நடக்கும் தேசத்திலேயே இந்த நிலை! லட்சம் ஜனங்களுக்கு ஒரு மனநல டாக்டர்கூடத் தேறாத நம் நாட்டில் எப்படி இருக்கும்?

“டாக்டர்கள் இல்லையே, என்ன செய்வது?” என்று கை விரிக்கிறவர்களுக்கு அந்த நர்சுகளே பதில். ஒவ்வொரு புற்றுநோயாளிக்கும் ஒரு மனநல டாக்டரை நாம் கேட்கவில்லை. ஒவ்வொரு புற்றுநோய்ப் பிரிவிலும் பயிற்சி பெற்ற நர்சுகளையும், அவர்களுக்கு வழிகாட்ட ஒரு டாக்டரையும் கேட்கிறோம். இது நடக்க முடியாத காரியமா? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் திறந்த அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மனநலத்துக்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது. அடையாறில் முடிவது மற்ற இடங்களில் ஏன் முடியாது?

துயரத்தை அளக்கவும் எளிய வழி உண்டு. காய்ச்சல் அளக்கும் தெர்மாமீட்டர் மாதிரி ஒரு படம். 0 முதல் 10 வரை கோடுகள். “கடந்த ஒரு வாரத்தில் உங்கள் மனவேதனை எந்தக் கோட்டில் நிற்கிறது?” என்று கேட்க வேண்டும். 4 அல்லது அதற்கு மேல் என்றால் உட்காரவைத்து விசாரிக்க வேண்டும். பணக்கஷ்டமா, போக்குவரத்தா, வேலையா, பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லையா என்று கேட்கும் பட்டியலும் அதோடு சேர்ந்தே வருகிறது. இதற்கு மெஷின் வேண்டாம், கோடி ரூபாய் வேண்டாம். ஒரு காகிதமும், கேட்பதற்கு ஒரு மனிதரும் போதும்.

கூலிக் கணக்கு

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. எல்லாத் துயரத்தையும் மாத்திரையால் தீர்க்க முடியாது.

கழுத்துப் பகுதியில் புற்று வந்தவருக்குக் கதிர்வீச்சு என்றால், வாரத்தில் 5 நாள் வீதம் ஆறு ஏழு வாரம் வைப்பது வழக்கம். 35 நாள் என்று வைத்துக்கொள்வோம். நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 35 நாள் கூலி போனால் 17,500 ரூபாய். துணைக்கு வருகிற மனைவியின் கூலியும் அதே அளவு என்றால் மொத்தம் 35,000 ரூபாய். பஸ், சாப்பாடு, தங்கும் செலவு தனி. வைத்தியமே இலவசமாகக் கிடைத்தால் வருகிற கணக்கு இது! காப்பீட்டு அட்டை ஆபரேஷனுக்குப் பணம் கட்டும். இழந்த கூலியைக் கட்டுமா? வட்டிக்கடையில் வைத்த தோட்டை மீட்டுத் தருமா?

இந்தக் கணக்கைத் தலையில் வைத்துக்கொண்டு இரவு விழித்திருப்பவனிடம் தியானம் செய்யச் சொல்வது பசித்தவனுக்குப் பழங்கதை சொல்வதுதான். அவனுக்கு முதல் மருந்து கூலிக்கு ஈடு.

உரிமை ஏட்டில் இருக்கிறது

இ.எஸ்.ஐ.யில் சேர்ந்த தொழிலாளி இதைத் தெரிந்துகொள்ளட்டும். சாதாரண நோய்க்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம். அதற்கு மேல், நீண்டகால நோய்ப் பட்டியலில் புற்றுநோயும் இருக்கிறது. இரண்டு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்து, உரிய நாட்களுக்குச் சந்தா கட்டியவருக்கு, இரண்டு வருஷம் வரை சம்பளத்தில் 80 சதவீதம் பெற வழி உண்டு. எத்தனை மில் தொழிலாளிக்கு இது தெரியும்?

பதிலி என்றும், காண்ட்ராக்ட் என்றும், பயிற்சி ஆள் என்றும் பெயர் வைத்து, இ.எஸ்.ஐ. பதிவேட்டிலேயே பெயர் ஏறாமல் வேலை செய்கிறவர்களின் கதி என்ன? வயலில் பாடுபடுகிற விவசாயத் தொழிலாளிக்கு எந்த இ.எஸ்.ஐ. இருக்கிறது? நோய் இருவருக்கும் ஒன்று. ஒருவருக்கு அரைகுறையாகவாவது ஈடு. மற்றவருக்கு வெறும் உபதேசம்!

2017-ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய மனநலப் பராமரிப்புச் சட்டம், சர்க்கார் நடத்துகிற, சர்க்கார் பணம் கொடுக்கிற இடங்களில் மனநல வைத்தியம் பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது. எல்லாப் படி ஆஸ்பத்திரிகளிலும், சர்க்கார் நடத்தும் எல்லா சுகாதாரத் திட்டங்களிலும் மனநல சேவையை இணைக்க வேண்டும் என்கிறது. உடல் நோய்க்குக் கொடுக்கும் இன்ஷூரன்ஸை மன நோய்க்கும் கொடுக்க வேண்டும் என்கிறது. எல்லாத் திட்டங்களிலும் என்றால் புற்றுநோய்த் திட்டத்திலும்தானே? சட்டப் புத்தகத்தில் இருக்கிற இந்த வாசகம் நம் ஊர்ப் புற்றுநோய் வார்டுக்கு எப்போது வந்து சேரும்?

வைத்தியத்துக்காக ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கு, உரிய சர்ட்டிபிகேட் காட்டினால், ஸ்லீப்பர் வகுப்பில் முழுக் கட்டணச் சலுகை உண்டு. துணைக்கு வருபவருக்கு முக்கால் பங்கு சலுகை உண்டு. ஆஸ்பத்திரி வாசலில் இதை எழுதிப் போட ஒரு பலகைக்கா பஞ்சம்?

நம் வீட்டுக் குறை

பிறரைக் கேட்கும் நாம் நம்மையும் கேட்டுக்கொள்வோம்.

புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது. ஆனாலும் நோயாளிக்குத் தனித் தம்ளர், தனிப் பாய் ஒதுக்குகிற வீடுகள் நம்மிடையே இல்லையா? தனித் தம்ளரின் அவமானத்தை எதிர்த்துப் போராடிய நாம், நம் வீட்டுக்குள்ளேயே ஒரு தனித் தம்ளரை வைக்கலாமா? மகளுக்கு வரன் தட்டிப்போகும் என்று பயந்து, மார்பில் கட்டி வந்ததை மறைத்துவைக்கும் பெண்கள் நம்மிடையே இல்லையா? “அவரிடம் சொல்லாதீர்கள்” என்று டாக்டரிடம் கண்ணைக் காட்டி, நோயாளிக்கே நோயின் பெயரை மறைக்கிறோம். பெரும்பாலும் அவருக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. பேசத்தான் ஆளில்லாமல் போகிறது. நாம் அவரிடம் மறைக்கிறோம், அவர் நம்மிடம் மறைக்கிறார். ஒரே கூரையின் கீழே இரண்டு மௌனங்கள்!

“மனநல டாக்டரிடம் போ” என்றால் “எனக்கென்ன பைத்தியமா?” என்று கோபிக்கிறோம். கால் முறிந்தால் கட்டுப் போடப் போகிறவன், மனசு முறிந்தால் போகக் கூடாதா? இரண்டு வாரமாகத் தொடர்ந்து துக்கம், எதிலும் நாட்டமில்லை என்றால், அது வைத்தியம் பார்க்க வேண்டிய நோயாக இருக்கலாம். வெட்கப்பட அதில் எதுவும் இல்லை.

2022-ல் நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர் என்கிறது சர்க்கார் கணக்கு. அவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள். நோயைக் காரணமாகக் காட்டியவை 100-க்கு 18. இந்த எண்களுக்குப் பின்னால் இருப்பவர்கள் நம் ஜனங்கள். “நான் போய்விட்டால் நல்லது” என்று நோயாளி சொன்னால் அதட்டாதீர்கள். சிரித்துத் தட்டிக் கழிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தனியே விடாதீர்கள். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் சொல்லுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் என்ற இலவச மனநல உதவிக்கு, 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

கேரளத்தைப் பாருங்கள். கோழிக்கோட்டில் 1993-ல் ஒரு சிறு வலி நிவாரண அமைப்பு தொடங்கிற்று. 1999-லிருந்து மலப்புறம் பக்கத்தில் அக்கம்பக்கத்துச் சாதாரண ஜனங்களே பயிற்சி பெற்று, நோயாளி வீடுகளுக்குப் போகத் தொடங்கினார்கள். நர்சு புண்ணைக் கழுவினாள். பக்கத்து வீட்டார் அரிசிக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் வழி தேடினார்கள். எல்லோரும் உட்கார்ந்து பேசினார்கள். 2008-ல் மாநில சர்க்கார் அதைக் கொள்கையாகவே அறிவித்தது, பஞ்சாயத்துகள் பொறுப்பேற்றன. ஜனங்கள் முன்கை எடுத்தார்கள், சர்க்கார் பின்னால் வந்தது. நம் சங்கங்களால் இது முடியாதா?

நாம் கேட்பது

ஒன்று: புற்றுநோய் வைத்தியம் நடக்கும் ஒவ்வொரு சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் மனநலத்துக்குப் பயிற்சி பெற்ற நர்சுகளும், மேற்பார்வைக்கு டாக்டரும் வேண்டும். ஒவ்வொரு நோயாளியிடமும் மனவேதனையைக் கேட்டுக் குறித்துவைக்க வேண்டும்.

இரண்டு: வலி மருந்து தாலுகா ஆஸ்பத்திரி வரை தடையில்லாமல் கிடைக்க வேண்டும்.

மூன்று: இ.எஸ்.ஐ. இல்லாத ஆலைத் தொழிலாளிக்கும், விவசாயத் தொழிலாளிக்கும், துணைக்கு வருபவருக்கும் வைத்திய நாட்களுக்குக் கூலி ஈடு வேண்டும்.

நான்கு: வைத்தியம் முடிந்து திரும்புகிறவருக்கு வேலை உத்தரவாதம் வேண்டும், விரல் மரத்தவருக்கு இலேசான வேலை வேண்டும், சீட்டுக் கிழிப்பது கூடாது.

சங்கத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் டிபார்ட்மெண்டில், உங்கள் தெருவில், வைத்தியத்தில் இருக்கும் ஒருவரை இந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். “தைரியமாக இரு” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். “ராத்திரி தூக்கம் வருகிறதா? வலி இருக்கிறதா? வட்டி எவ்வளவு கட்டுகிறாய்? இ.எஸ்.ஐ. பாரம் கொடுத்தாயா? அடுத்த தடவை துணைக்கு யார் வருகிறார்கள்?” என்று கேளுங்கள். பதிலைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் காகிதத்தோடு திங்கட்கிழமை இ.எஸ்.ஐ. ஆபீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சேர்ந்து போங்கள்.